பட்டியலில் என் பெயர்

2016இல் நெற்செய்கைக்கான பசளை மானியம், மூட்டையாக அன்றிப் பணமாகக் கமக்காரரின் வங்கிக் கணக்கிற் சேரலாயிற்று. எங்கள் வயலின் பதிவு என் பெயரில் இருந்தமையால் பணம் எனக்கே வந்தது. உழுது விதைத்தவரோ குத்தகைக்காரர். நான் வாளாவிருந்துவிட்டேன்.

2017 பெப்ரவரி 3ஆம் நாள் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொதுப்பணம் யார் கைக்குச் செல்கிறதெனக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டென வகுப்பிற் கூறினேன்.

“பட்டியலில் ஐயாவின் பெயரும் இருக்குமா?” என்றான் ஒரு மாணவன், விளையாட்டாக.

அன்று மாலையே பணத்துடன் குத்தகைக்காரர் வீட்டுக்குச் சென்றேன்.

“பணம் வந்தது தெரியாதே, வாத்தியார்! பசளைக்குக் கடனல்லவா பட்டேன்!” என்றார்.

மானியம் பெற்றவர்களின் பட்டியல் ஊரறிய ஒட்டப்பட்டிருந்தால் அவர் கடன்பட்டிரார், நானும் தலைகுனிந்திரேன்.