மாட்டுங்காவில் பதினொரு மணிப் பசி

மும்பையில் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் பசிக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், வெளியூர்க்காரரை நட்சத்திர ஓட்டல் பஃபேக்கோ பாந்த்ரா கஃபேக்கோ அனுப்பிவிடுவார்கள். காலை டிபனும் இல்லாத, மதியச் சாப்பாடும் இல்லாத அந்த நேரத்துக்கு ‘பிரஞ்ச்’ என்று பெயர். பில்லைப் பார்த்தால் பசி தானே அடங்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு பயணி அந்தப் பக்கமே போகவில்லை. தாதரில் ஸ்லோ லோக்கல் பிடித்து, அடுத்த நிலையமான மாட்டுங்காவில் இறங்கினார்.

2017 முதல் பெண் ஊழியர்களே நடத்தும் நிலையம் அது. கிழக்குப் பக்கம் வெளியே வந்ததும் மல்லிகை வாசம். பூக்கடை, வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், நேந்திரங்காய் சிப்ஸ். பேரம் மட்டும் பாதி இந்தியில் நடக்கிறது.

இந்தப் பேட்டை தானாக முளைத்ததல்ல. 1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா பக்கம் தெருக்களையும் தோட்டங்களையும் திட்டமிட்டு அமைத்தது. அங்கே தெற்கிலிருந்து ரயில்வேக்கும் கம்பெனிகளுக்கும் குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். அவர்களில் சமைக்கத் தெரியாத கட்டை பிரம்மச்சாரிகளுக்கா பஞ்சம்? காலையில் இட்லியும் காபியும் யாராவது போட்டாக வேண்டும்.

போட்டவர்கள் தமிழர்கள் அல்ல, உடுப்பிக் கரையோரத்துக்காரர்கள். 1936இல் கஃபே மைசூர், 1939இல் ராமாஷ்ரய், 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். ஆறே வருஷத்தில் ஒரு பேட்டையின் வயிற்றுப்பாடு தீர்ந்துபோனது. பெயர்ப்பலகையில் ‘மெட்ராஸ்’ இருக்கிறதே என்று மயிலாப்பூர் சாம்பாரை எதிர்பார்த்து உட்காரக் கூடாது. இங்கே சாம்பார் கொஞ்சம் இனிக்கும். பயணிக்கு முதல் வாயில் முகம் சுளித்தது. மூன்றாவது வாயில் கிண்ணத்தை மறுபடி நிரப்பச் சொன்னார்.

எந்தக் கடை நல்ல கடை என்பதற்கு அவரிடம் ஒரே சோதனைதான்: வாசலில் நிற்பவர்கள் யார்? செல்போனில் படம் பிடிக்க வந்தவர்கள் மட்டுமே நின்றால் அவர் நடையைக் கட்டிவிடுவார். கஃபே மெட்ராஸ் வாசலில் தாத்தா, பாட்டி, பேரன் பேத்தியோடு குஜராத்திக் குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு தமிழ் மாமிகள். ஆள் ஒருவர் பெயரை எழுதிக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். தனியாகப் போகிறவருக்கு இங்கே ராஜயோகம். அறிமுகம் இல்லாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரச் சம்மதித்தால் வரிசையைத் தாண்டி உள்ளே போய்விடலாம். பயணிக்கு எதிரே ஒரு முழுக் குடும்பம். எதைக் கேட்கலாம் என்று அவர்கள் சொன்ன யோசனை, மெனு கார்டைவிட உபயோகமாக இருந்தது.

ரசத்தில் ஊறிய இட்லிதான் அவருடைய முதல் மார்க். மிளகும் புளிப்புமாகச் சூடான ரசம் இட்லிக்குள் இறங்கியிருக்கிறது. பொடி தடவிய வெண்ணெய் இட்லி இரண்டாவது. ராகி தோசை மொறுமொறு. மசாலா தோசையைச் சென்னையிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

கஃபே மைசூருக்கு வேறு மாதிரிப் புகழ். பக்கத்திலிருக்கும் ரசாயனத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த முகேஷ் அம்பானி, தமக்குப் பிடித்த சாப்பாட்டுக்கடை இதுதான் என்று சொல்லியிருக்கிறார். கோடீஸ்வரர் சொன்னதற்காகப் போக வேண்டியதில்லை. ஆனால் மாணவன் கையில் இருந்த காசுக்குக் கட்டுப்படியான கடை என்பது நல்ல சிபாரிசுதான்.

டிபன் வரிசை நகரவே இல்லையென்றால், நிலையத்துக்குப் பக்கத்தில் ராம நாயக்கின் மாடிப்படி ஏறலாம். அங்கே முற்பகலிலேயே சாப்பாடு தொடங்கிவிடும், வாழையிலையும் உண்டு. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று இவர்களுக்கும் விடுமுறை, கஃபே மெட்ராஸுக்கும் விடுமுறை. ராமாஷ்ரய் இருக்கிறது, அன்னாசிப்பழக் கேசரியை அங்கே ஷீரா என்று கேட்க வேண்டும்.