காருக்கு ஒரு பைபாஸ்

தலைப்பைப் பார்த்துவிட்டு யாருக்கோ இருதய ஆபரேஷன் என்று பதறிவிடாதீர்கள். ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற பைபாஸ் ரோடும் அல்ல. நான் சொல்ல வந்தது சில மோட்டார் கார்களின் இஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளங்கையகல வால்வு ஒன்றைப் பற்றி. "மோட்டாருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது மெக்கானிக் பாடு!" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள். மெக்கானிக் ஒரு தொகையைச் சொல்லி, மாதச் செலவில் துண்டு விழுகிறபோது அது நம் பாடாகத்தானே முடிகிறது?

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் என் பெண்ணோடு இருக்கிறேன். அவள் நர்ஸ். வாரத்தில் மூன்று இரவு எம்-6 நெடுஞ்சாலையில் பர்மிங்ஹாம் வரை தானே காரோட்டிப் போய் வருகிறாள். சொந்தச் சம்பாத்தியத்தில் மூவாயிரம் பவுன் சேர்த்து வாங்கிய பழைய கார் அது. வயது இருபதுக்கு மேல். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நல்ல வண்டிதான், வயசாகிவிட்டது, அவ்வளவே. ஆனால் ஒரு விசேஷம்: அதில் சூப்பர்சார்ஜர் உண்டு.

சூப்பர்சார்ஜர் என்றால் மிரள வேண்டாம். கொல்லுப் பட்டறைத் துருத்தியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண இஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே மூச்சிழுத்துக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் உள்ள இஞ்சினுக்குக் காற்றை உள்ளே திணிக்கிறார்கள். காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும்; வேகம் பிறக்கும். ஒன்றையொன்று தொடாமல் பின்னிச் சுழலும் இரண்டு உருளைகள்தான் இதன் உள்ளே இருப்பவை. 1860-ல் இதற்குப் பேடண்ட் வாங்கிய அமெரிக்கச் சகோதரர்கள் இருவரும் மோட்டார்க்காரர்கள் அல்ல. இண்டியானா மாகாணத்தில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள். அவர்கள் யந்திரம் முதலில் உலைக்குக் காற்று ஊதியது. பிற்பாடு காருக்கு வந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பெண்களாகிய நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 1930-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் டிம் பர்க்கின் இரண்டாவதாக வந்தாரே, அந்தச் சூப்பர்சார்ஜர் பெண்ட்லி காருக்குப் பணம் போட்டவர் டோரதி பேஜட் என்ற சீமாட்டி. சூப்பர்சார்ஜர் என்றாலே பெண்ட்லி துரைக்குப் பிடிக்காது. அம்மாள் அசையவில்லை! நம் ஊரிலும் பின்பக்கத்தில் 'கொம்ப்ரெஸர்' என்று எழுதிய பென்ஸ் கார்கள் ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே சரக்குதான்.

இனி வால்வுக்கு வருவோம். சூப்பர்சார்ஜரை இஞ்சினோடு பெல்ட் போட்டுப் பூட்டியிருக்கிறது. இஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றியே தீர வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்கிறோம், காற்று வேண்டாம், அது கேட்குமா? பந்தியில் "போதும், போதும்" என்று இலையைக் கையால் மறைத்தாலும் சாதத்தைக் கொட்டிவிட்டுப் போகும் சம்பந்தி வீட்டு மாமா மாதிரி ஊதிக்கொண்டே இருக்கும். ஆகவே, வேண்டாத காற்று வந்த வழியே திரும்பிப் போகட்டும் என்று ஒரு பக்கவழியும் அதற்கு ஒரு கதவும் வைத்தார்கள். அந்தக் கதவுதான் பைபாஸ் வால்வு.

அதைத் திறந்து மூடுவது யார்? இந்த மாதிரிப் பழைய கார்களில் மின்சாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சவ்வு, ஒரு மெல்லிய குழாய், இவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது காற்று வரும் வாசல் ஏறக்குறைய மூடியிருக்கும். வாசலுக்கு உட்புறத்தில் இஞ்சினின் உறிஞ்சல் பலமாக இருக்கும். அந்த உறிஞ்சல் குழாய் வழியாகச் சவ்வை இழுத்துக் கதவைத் திறக்கிறது. அழுத்தி மிதித்தால் வாசல் திறக்கிறது, உறிஞ்சல் போய்விடுகிறது, ஸ்பிரிங் கதவைச் சாத்துகிறது. உடனே காற்றெல்லாம் இஞ்சினுக்குள் பாய்கிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவள் நான். உறிஞ்சு குழாயில் இளநீர் ஏறுவதற்கு என்ன காரணமோ அதேதான் இதற்கும்.

போன குளிர்காலத்தில் என் பெண்ணின் கார் துள்ள ஆரம்பித்தது. தெருவில் மெதுவாகப் போகும்போது பாய்வதும் பின்வாங்குவதுமாக, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போல. நிற்கும்போதுகூட 'ங்ஙீ' என்று ஒரு ஓயாத ஊளை. பெட்ரோலும் அதிகமாகக் குடித்தது. நடுநிசியில், பெரிய லாரிகளுக்கு நடுவே அவள் நெடுஞ்சாலையில் கலப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருமா? ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனாள். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்களாம். அது ஒரு குற்றமும் சொல்லவில்லையாம். "அப்படியானால் சூப்பர்சார்ஜர் போய்விட்டது. ஆயிரத்து நானூறு பவுன் ஆகும்" என்றார்களாம்.

"வித்துடலாம்மா. பஸ்ஸிலே போய்க்கறேன்" என்றாள். பஸ்ஸில் போனால் இரவு வேலையை விட வேண்டும். இரவு வேலைக்குத்தான் கூடுதல் சம்பளம்.

"ஏண்டி, முழுசா அழுத்தி மிதிச்சா எப்படிப் போறது?" என்று கேட்டேன்.

"அப்போ நன்னாப் பறக்கறதும்மா. மெதுவாப் போனாத்தான் படுத்தறது."

செத்துப்போன சூப்பர்சார்ஜர் பறக்குமா? நீங்களே சொல்லுங்கள். அழுத்தும்போது பலம் வருகிறதென்றால் துருத்தி சரியாக ஊதுகிறது, கதவும் சாத்தியிருக்கிறது. வேண்டாத நேரத்தில் கதவு திறக்கவில்லை, அதுதான் கோளாறு. கம்ப்யூட்டர் வாய் திறக்காததிலும் அதிசயம் இல்லை. அந்த வால்வில் அதற்குச் சேதி சொல்ல ஒரு கம்பிகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலேயே பானெட்டைத் தூக்கினோம். கியர் நியூட்ரலில், ஹாண்ட் பிரேக் இறுக்கமாக. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். பெல்ட் ஓடுகிற இடத்தில் முந்தானையும் பின்னலும் தொங்கக் கூடாது. வால்வின் வெளியே ஒரு சின்ன நெம்புகோல் தெரிகிறது. இஞ்சின் ஓடாதபோது ஸ்பிரிங் அதைச் சாத்தி வைத்திருக்கும். விரலால் தள்ளிப் பார்த்தேன். வழுவழுவென்று போய்த் திரும்பியது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. இங்கே அது இல்லை. இஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். கிளம்பியதும் நெம்புகோல் 'டக்'கென்று திறந்த பக்கம் போக வேண்டும். போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தது.

அடுத்த கேள்வி, உறிஞ்சல் வந்து சேருகிறதா என்பது. மெல்லிய குழாயை வால்விலிருந்து கழற்றி அதன் வாயில் கட்டை விரலை வைத்தேன். சப்பென்று பிடித்து இழுத்தது. ஆகவே குழாயில் ஓட்டை இல்லை. குழாய் வெடித்திருந்தால் சில்லறைக் காசோடு போயிருக்கும்! பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு துண்டுக் குழாயைச் சொருகி, என் பெண் கொண்டுவந்த பெரிய ஸிரிஞ்சால் இழுத்தோம். நெம்புகோல் லேசாக அசைந்தது, மறுகணமே விழுந்துவிட்டது. நல்ல சவ்வாக இருந்தால் இழுத்த நிலையிலேயே நிற்கும். சவ்வு கிழிந்துவிட்டது.

இதே வால்வு நேர்மாறாகவும் கெடும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கதவு திறந்தபடி சிக்கிக்கொண்டாலோ துள்ளல் இராது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மாட்டு வண்டியாகிவிடும். ஊதிய காற்றெல்லாம் பக்கவழியே திரும்பிவிடுகிறதே! அந்தச் சமயத்தில்தான் நிஜமாகவே சூப்பர்சார்ஜர் மேல் பழி விழும். பெல்ட் வழுக்கினாலும், காற்றுக் குழாய் இணைப்பு கழன்றாலும் இதே சோர்வு வரும். அவற்றையும் பார்த்துவிட வேண்டும். சூப்பர்சார்ஜரே கெடாது என்று நான் சொல்லவில்லை. அதன் பல்சக்கரங்களுக்குத் தனி எண்ணெய் உண்டு. அது வற்றினால் ஊளை வராது, கல்லை அரைக்கிற மாதிரி கரகரவென்று சத்தம் வரும். அப்படிக் கேட்டால் தாமதிக்காமல் பெரிய செலவுக்குத் தயாராக வேண்டியதுதான்.

புது வால்வு நூறு பவுனுக்குச் சற்று மேலே ஆயிற்று. அதைப் பொருத்த வேறொரு மெக்கானிக் வந்தார். அரை நாள் வேலை. மேலே இருக்கும் சாமான்களைக் கழற்றித்தான் அதை எட்ட முடிகிறது, அதனால் கூலியில் நான் பேரம் பேசவில்லை. பழைய வால்வைத் திறந்து காட்டினார். சவ்வில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு பிளவு, அவ்வளவுதான்.

அன்று இரவே என் பெண் வேலைக்குப் புறப்பட்டாள். வாசலில் கார் நின்றபடி ஓடியது. ஊளை இல்லை. தெருமுனை வரை மெதுவாகத்தான் போனாள். ஒரு துள்ளல் இல்லை. பர்மிங்ஹாம் சேர்ந்ததும் டெலிபோன் செய்தாள்: "அம்மா, நீ தூங்கு."