வாப்பாவும் கப்பலும்

மூன்று தலைமுறையும் சேர்ந்து சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பலில் செல்ல வேண்டுமென்பது தங்கையின் ஆசை. அவள் மகனுக்கு ஐந்து மாதம். ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள். எனவே பயணத்தை இரு மாதம் தள்ளினோம். வாப்பாதான் மறுத்தார். உம்மாவும் அவர் பக்கமே நின்றார்.

தொழுகையை எண்ணித் தயங்குகிறார் என்று கருதி, பயணிக்குக் கஸ்ர் உண்டு, ஆடும் கப்பலில் நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்று மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் விளக்கினேன்.

ஒருநாள் இஷாவுக்குப் பின் அவரே சொன்னார். நாகப்பட்டினத்தில் படகேறி, ரஜூலா கப்பலில் பினாங்கு சென்ற தம் தந்தையைக் கரையில் நின்று வழியனுப்பியவர் அவர். வந்துசேர்ந்தது மவுத்துச் செய்தி மட்டுமே. இத்தனை ஆண்டுகளில் நான் அதைக் கேட்டதேயில்லை.

சீட்டு இன்னும் எடுக்கவில்லை. நேற்றுப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு, “கப்பல் அறையில் தொட்டில் கட்ட இடமிருக்குமா?” என்றார்.