கண் தேடுவது எதை?

மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் சங்கு தன்னை எளிதில் காட்டிக்கொள்வதில்லை. கடைகளில் நாம் காணும் வெண்மை, மேல்தோலை நீக்கியபின் வருவது. கடலுக்குள் அது பழுப்புத் தோல் போர்த்து, மணலில் பாதி புதைந்து கிடக்கும். தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் பெரியவர் ஒருவரிடம், "எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள், அண்ணாச்சி?" என்று வினவினோம். "மீனைப் பார்க்கக்கூடாது, பாசியைப் பார்க்கக்கூடாது, நினைப்பெல்லாம் சங்கிலேயே இருக்கணும்" என்றார்.

கண்ணில் விழுவதெல்லாம் கருத்தில் பதிவதில்லை. அனைத்தையும் ஒருங்கே ஆராயும் ஆற்றல் நம் மூளைக்கு இல்லை. ஆகவே தேடும் பொருளுக்கு வழிவிட்டு, ஏனையவற்றை அது ஒதுக்கிவிடுகிறது. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பந்து விளையாடுவோரின் படத்தைக் காட்டி, ஓர் அணியினர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகின்றனர் என்று எண்ணச் சொன்னார்கள். இடையே கொரில்லா வேடமிட்ட ஒருவர் குறுக்கே நடந்து சென்றார். எண்ணியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவரைக் காணவேயில்லை!

இது குறையன்று, இறைவன் தந்த கொடை. இஃதின்றேல் ஒரு மூச்சுக்குள் ஒரு சங்கையும் எடுத்து வர இயலாது. ஆனால் எதைத் தேடுவது என்பதை நம் உள்ளமே தீர்மானிக்கிறது. அங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது.

லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தின் செல்வந்தனை எண்ணிப் பாருங்கள். அவன் லாசரை அடித்தான் என்றோ, விரட்டினான் என்றோ அங்கு எழுதப்படவில்லை. மறுமையில் லாசரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறான். அறிந்திருந்தான், ஆயினும் விருந்தை நாடிய கண்ணுக்கு வாசலில் கிடந்தவன் ஒரு பொருட்டாகவில்லை.

நம் இல்லங்களிலும் வரவு செலவையும் கைப்பேசியையும் நாடும் கண்ணுக்கு, பாட்டி பாதி உணவோடு எழுந்து செல்வது தெரிவதில்லை. சில நாட்களாக மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டதும் தெரிவதில்லை.

இக்கண்ணைத் திருப்புவது எவ்வாறு? நம் முன்னோர் அதை அறிந்திருந்தனர். இக்கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அந்நாட்களில், கடலில் இறங்குபவரின் கயிற்றை அவருடைய மைத்துனர் கையில்தான் கொடுப்பார்களாம். தோணியில் எத்தனை கூச்சல் எழுந்தாலும், உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில் இருப்பதை அறிந்தவருக்குச் சிறு அசைவும் தப்பாது. அன்பு இருக்குமிடத்தில் கவனம் தானே வந்து நிற்கும்.

இன்றிரவு குடும்ப செபத்திற்குக் கூடும்போது, செபமாலையைத் தொடங்குமுன், சுற்றி அமர்ந்திருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவர்களுடைய கயிறு நம் கையில் இருக்கிறது.