நான்கு வண்ணச் சீட்டுகள்

தேர்தலில் வென்றவர், "மக்கள் சிந்தித்துத் தீர்ப்பளித்தார்கள்" என்பார். தோற்றவர், "மக்கள் ஏமாந்துவிட்டார்கள்" என்பார். அதே மக்கள் ஒரே நாளில் ஒரு கட்சிக்கு ஒரு வாக்கும் அதன் எதிரிக்கு மற்றொரு வாக்கும் அளித்துவிட்டால் மட்டும், தோற்றவர் வேறொரு சொல்லைத் தேடி எடுக்கிறார். "துரோகம்" என்பதே அச்சொல். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் நுழைந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் குடியிருந்தது. அது வந்த கதையையும் போன கதையையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் மானாமதுரை வட்டாரத்தில் ஒரு சிற்றூர். அப்பா ஒரு பெரிய கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. எதுவாக இருந்தாலும் கதை இப்படித்தான் நடந்திருக்கும்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் எங்கள் ஊர் வாக்காளர்களுக்கு இரண்டு வாக்குகள் இருந்தன. ஒன்று சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதிக்கு. மற்றொன்று மானாமதுரைச் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. நாடாளுமன்றத் தொகுதியைப் பெரிய கட்சிகள் இரண்டும் கூட்டணிக்கு விட்டுக் கொடுத்திருந்தன. காங்கிரசும் பாரதிய ஜனதாவும் எதிரெதிரே நின்றன. வாக்களித்துவிட்டு வந்த அப்பத்தா, "ஒரு மிசின்ல நம்ம சின்னத்தையே காணமேடா!" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன்.

முடிவுகள் வந்தபோது சிவகங்கையில் காங்கிரஸ் வென்றிருந்தது; அதனுள் அடங்கிய மானாமதுரையில் அ.தி.மு.க. வென்றிருந்தது. இது எங்கள் ஊரின் தனிப் புதுமையன்று. அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்த 38 நாடாளுமன்றத் தொகுதிகளில் தி.மு.க. கூட்டணி 37ஐக் கைப்பற்றியது. ஆயினும் அதே நாளில் நடந்த 18 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. 8 இடங்களைப் பெற்றது. அ.தி.மு.க. வென்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதி தேனி. அத்தொகுதிக்குள் அடங்கிய ஆண்டிபட்டியையும் பெரியகுளத்தையும் தி.மு.க. வென்றது! நிலத்தைப் பார்த்து விதையை மாற்றும் உழவனைப் போல, வாக்காளன் பதவியைப் பார்த்துக் கையை மாற்றிப் போட்டிருக்கிறான்.

அந்தக் கோடை கொடிய கோடை. கண்மாய் வறண்டு கிடந்தது. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் ஒருநாள் புகைந்து நின்றது. 2016இல் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நடவாமற்போனதால் ஊராட்சிக்குத் தலைவர் என்று எவரும் இல்லை. தனி அலுவலரின் பொறுப்பில் இருந்தது. அப்பா தேர்தல் கணக்கு வழக்குகளோடு கட்சி அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். "அது அதிகாரிங்க பாக்க வேண்டிய வேலை" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். வடக்குத் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர்தாம் மோட்டாரைக் கழற்றித் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சரிசெய்து வந்தார். அவர் அப்பாவுக்கு நேர் எதிர்க்கட்சிக்காரர். அதற்குள் பதினோரு நாள்கள் கடந்துவிட்டன. அந்தப் பதினோரு நாளும் அப்பத்தா தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்தார்.

டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சிற்றூர் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் நான்கு வாக்குகள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு; ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு; ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை; மாவட்ட வார்டு உறுப்பினருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் உண்டு. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சிக்கு இடமில்லை. அங்கே பூட்டு சாவியும் ஆட்டோவும்தாம் நிற்கும். சட்டமே வாக்காளனிடம், "இந்த இரண்டில் கட்சியைப் பார், அந்த இரண்டில் ஆளைப் பார்" என்று சொல்லிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

தலைவர் பதவிக்கு அப்பா நின்றார். பூட்டு சாவி கிடைத்தது. மளிகைக் கடைக்காரரும் நின்றார். அத்தை வீட்டு மாமா எங்களுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் இரவு அப்பா நான்கு நிறத்தில் தாள்களை வெட்டி வைத்துக்கொண்டு, எதில் எங்கே முத்திரை குத்தவேண்டும் என்று அப்பத்தாவுக்கு மும்முறை விளக்கினார். அப்பத்தா பள்ளிப் பிள்ளையைப் போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

2020 சனவரி 2ஆம் நாள் வாக்கு எண்ணிக்கை. பெட்டியைக் கவிழ்த்து நிறம் நிறமாகப் பிரித்து எண்ணினார்களாம். நள்ளிரவுக்குப் பிறகு அப்பா கையில் ஒரு துண்டுத்தாளோடு திரும்பினார். எங்கள் ஊர் வாக்குகளில் பச்சையிலும் மஞ்சளிலும் அப்பாவின் கட்சி நூற்றுக்கு மேற்பட்ட வாக்குகள் முந்தியிருந்தது. இளஞ்சிவப்பில் அப்பா 23 வாக்குகளில் தோற்றிருந்தார்.

வேறொருவரிடம் தோற்றிருந்தால் தாங்கியிருப்பார். கட்சிக்கு விழுந்த வாக்கு தமக்கு விழவில்லையே என்பதுதான் அவரைக் குடைந்தது. "பச்சையிலே குத்துன கை ரோசுல ஏன் குத்தலே? நம்ம ஆளுகதான் காலை வாரிட்டானுக" என்று விடியும்வரை கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு மாமாவிடம் வந்து நின்றது. மாமாவுக்கு அந்த மளிகைக் கடையில் பற்றுக் கணக்கு இருந்தது; அது ஒன்றே போதுமானதாயிற்று. அந்தப் பொங்கலுக்கு அத்தைக்குச் சீர் போகவில்லை. அதன்பின் எந்தப் பொங்கலுக்கும் போகவில்லை.

அவ்வாண்டு மாசி மாதத்தில் ஓரிரவு திண்ணையில் படுத்திருந்த அப்பத்தா என்னை அருகே அழைத்தார்.

"மூணு சீட்டுல ஒங்கப்பன் சொன்ன மாதிரியே குத்துனேன்டா. அந்த ரோசாக் கலரு சீட்டைக் கையில எடுத்ததும், கொடந் தூக்குன இடுப்பு ஞாபகத்துக்கு வந்திருச்சு. ஆட்டோவுல குத்திட்டு வந்துட்டேன்."

நான் திகைத்துப்போனேன். "மாமா?" என்று கேட்டேன்.

"பாவம், அவரு நமக்குத்தான் போட்டிருப்பாரு. ஒங்கப்பன் ஆத்திரம் அடங்கட்டும், நானே சொல்றேன். நீ வாயைத் தொறக்காத."

ஆத்திரம் அடங்கவில்லை. 2022இல் அப்பத்தா காலமானார். பந்தலின் ஒரு மூலையில் அப்பாவும் மறுமூலையில் மாமாவும் நின்றார்கள். இருவருக்கும் நடுவே அத்தை அழுதுகொண்டிருந்தார். அவிழ்க்கவேண்டிய முடிச்சு என் கையில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அப்பத்தாவுக்குக் கொடுத்த வாக்கு என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டேன். உண்மையில் அது அச்சம்.

இக்கல்லூரியில் வரலாறு பயில வந்த பிறகுதான் அப்பத்தாவின் கை எவ்வளவு பழைய கை என்பது புரிந்தது. 1980 சனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐத் தி.மு.க. – இந்திரா காங்கிரஸ் அணிக்கு அளித்த மக்கள், அதே ஆண்டு மே மாதத்தில் சட்டமன்றத்தை எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்கு அளித்தார்கள், அக்கட்சிக்கு மட்டும் 129 இடங்கள். நான்கு மாதங்களில் மக்களுக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. டில்லிக்கு யார் என்ற கேள்விக்கு ஒரு விடையும், கோட்டைக்கு யார் என்ற கேள்விக்கு வேறொரு விடையும் சொன்னார்கள். கேள்வி வேறானால் விடையும் வேறாகத்தானே இருக்கும்?

வாக்கைப் பிரித்துப் போடுபவர் எல்லோரும் ஆய்ந்து முடிவெடுக்கிறார்கள் என்று நான் வாதிட வரவில்லை. சாதியும் உறவும் தெருவும் பணமும் அந்த நான்கு சீட்டுகளுக்குள்ளும் புகுந்து விளையாடுவதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால், பதவி தொலைவில் இருக்கும்போது மனிதர் கொடியைப் பார்க்கிறார். பதவி வாசலுக்கு வந்துவிட்டால் ஆளைப் பார்க்கிறார். டில்லிக்குப் போகிறவர் நம் குடத்தை நிரப்ப வருவதில்லை. ஊராட்சித் தலைவரோ குடத்தை நிரப்பாவிட்டால் எதற்குமே ஆகார்.

2024 ஏப்ரலில் நான் முதன்முதலாக வாக்களித்தேன். ஒரே ஒரு வாக்கு. விரலில் மையோடு வெளியே வந்தபோது, யாருக்குப் போட்டாய் என்று அப்பா கேட்கவில்லை. தாம் சொன்னபடிதான் போட்டிருப்பேன் என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் என்னை உறுத்தியது. அப்பத்தாவையும் அவர் அப்படித்தானே நம்பினார்?

சென்ற பொங்கலுக்கு நான்கு நாள்கள் முன்னதாக, இம்மலருக்கென இக்கட்டுரையை எழுதி முடித்து, முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். தாழ்வாரத்தில் அமர்ந்து இருமுறை படித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "அந்த மோட்டாரு பதினோரு நாளா ஓடாமக் கெடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தாள்களை மடித்து என்னிடம் தந்துவிட்டு எழுந்து போனார்.

பொங்கலுக்கு முதல் நாள் காலையில் வாசலில் ஒரு கட்டுக் கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப் பானையும் இருந்தன. "வண்டியை எடு. ஒங்க அத்தை வீட்டுக்குப் போவணும்" என்றார் அப்பா.