மாடியில் விளையும் கரண்ட்

2012ஆம் வருஷத்தைக் கோயம்புத்தூர்க்காரர்கள் லேசில் மறக்க மாட்டோம். நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. தறிகள் நின்றன. பவுண்டரிக்காரர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே நொந்தார்கள். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகி வளர்ந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரை இருட்டில் உட்கார வைத்த அந்த நாட்கள் மனசுக்குள் ஒரு பயத்தைப் போட்டுவிட்டுப் போயின. இன்றைக்கு நம் பக்கம் மாடிகளில் சோலார் பேனல் ஏறுவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் கட்டுக்கு மருந்தாகாது.

என் தங்கை வீட்டில் மூன்று கிலோவாட் போட்டார்கள். சித்திரை மாசம், உச்சி வெயில், லைனில் கரண்ட் போனது. வீட்டு ஃபேனும் நின்றுவிட்டது. "இத்தனை வெயில் அடிக்குது, இது எதுக்கு நிக்குது?" என்று கொதித்துப்போன தங்கை, கம்பத்து வேலைக்கு வந்த லைன்மேனிடமே கேட்டுவிட்டாள். "லைன்ல கரண்ட் இல்லீன்னு நம்பித்தானுங்கம்மா நான் மேல ஏறறேன். உங்க மாடியில இருந்து கரண்ட் எதிர்த்து வந்தா என் கதி என்னாகுங்க? அதுக்குத்தான் இன்வெர்ட்டர் தானா நிக்குது" என்றார் அவர். தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். "அந்தப் பையன் பத்திரமா எறங்குனாச் செரி" என்று என்னிடம் சொன்னாள். அந்த ஒரு மணி நேரப் புழுக்கத்தை அதன்பிறகு அவள் குறையாகச் சொன்னதே இல்லை.

கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். அது தனிச் செலவு, சில வருஷங்களில் மாற்றவும் வேண்டும்.

பணக் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. நல்ல வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் வரும். மத்திய அரசு 2024இல் கொண்டுவந்த சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போய், நாம் எடுத்த யூனிட்டில் கழியும். ஆனால் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். இரண்டு ஃபேனும் ஒரு டி.வி.யும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் வயசானவர்கள் கடன் வாங்கிப் பேனல் போட வேண்டியதில்லை. ஏ.சி. போட்டு 500 யூனிட்டைத் தாண்டும் குடும்பத்துக்கோ கட்டண விகிதமே மாறிவிடும். அவர்கள் தயங்காமல் போடலாம்.

ஆனியிலும் ஆடியிலும் மேகம் மூடிக்கொள்ளும், மாடியில் விளைச்சல் குறையும். அதே மாசங்களில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் விடாமல் சுற்றுகின்றன. வெயில் குறைந்தபோது காற்று கொடுக்கிறது. அதனால்தான் எல்லாரும் ஒரே லைனில் சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நிழலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேனல்களைச் சங்கிலி மாதிரி கோத்திருப்பார்கள். ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் மற்றதும் இளைக்கும். தங்கை வீட்டுத் தென்னையை வெட்டிவிடலாம் என்றுதான் பேனல் போட வந்தவர் முதலில் சொன்னார். மருமகனும் சம்மதித்துவிட்டான். "காய்க்கிற மரம், கொஞ்சம் பொறு" என்றேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நிழல் எங்கெங்கே நகர்கிறது என்று மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம். மேற்கு மூலையில் தெற்குப் பார்த்து வைத்ததில் மரம் தப்பியது. சாயங்காலம் கொஞ்சம் யூனிட் குறைகிறது, குறையட்டும். அந்த மரத்துக் காய்தான் இன்றும் அவர்கள் குழம்புக்குப் போகிறது.

பறவை எச்சமும் புழுதியும் படிந்தால் வரவு குறையும். போர் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். குடிக்கிற சிறுவாணித் தண்ணீரை ஊற்றவும் மனசு வராது. அதனால் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, வெயில் ஏறும் முன்னே துணியால் துடைக்கிறார்கள். ஆடி பிறக்கும் முன் தாங்கிச் சட்டத்தின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.