வட்டக்கானலுக்கு வழி செண்பகனூரில் தொடங்குகிறது

பெரியகுளத்து மக்களுக்குக் கொடைக்கானல் மலை அந்நியமன்று. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. இரவானால் அதன் விளிம்பில் விளக்குகளின் மினுக்கம். கோடையில் கும்பக்கரை அருவியில் குளிக்காத பிள்ளையும் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் அந்த அருவியாக விழும் பாம்பாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "மலையிலிருந்து வருகிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மதரஸாவில் என்னிடம் ஓதும் பெரிய வகுப்பு மாணவர்களும் இதே பதிலைத்தான் சொன்னார்கள். விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, அவர்களில் அறுவரையும் என் குடும்பத்தாரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம்.

பறவைக்குப் பதினைந்து கிலோமீட்டர் தூரங்கூட இராது. நமக்கோ தேவதானப்பட்டி, காட்ரோடு என்று சுற்றி மூன்று மணி நேரம். அடுக்கம் வழியாக வேறொரு சாலை உண்டு. மழைக்காலத்தில் மண்சரிவு நேரும் பாதையாகையால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை நாடவில்லை. மோட்டார் ஏறும் சாலை இம்மலைக்கு முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து வெள்ளையரையும் அவர்தம் மூட்டைகளையும் நாற்காலிகளில் வைத்து நம்மூர்க் கூலியாட்கள் தோளில் சுமந்தே மேலேற்றினர். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கட்டிய முதல் வீடுகளிலிருந்து தொடங்கும் கொடைக்கானலின் வரலாற்றில் அத்தோள்களுக்குரியவர்களின் பெயர்கள் இல்லை.

வார இறுதியில் மலைக்கு வருவோர் பெரும்பாலும் பார்க்கும் இடங்களை நீங்கள் அறிவீர்கள். ஏரியில் ஒரு படகு, கோக்கர்ஸ் வாக்கில் ஒரு புகைப்படம், தூண்பாறையில் பனிமூட்டம், கடைசியில் சாக்லேட்டும் தைலமும். இவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்குப் பாடம் சொல்லித்தரும் இரண்டு இடங்களை வண்டிகள் நிற்காமலே கடந்து போகின்றன. வட்டக்கானலுக்குப் போகுமுன் அவ்விரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

மலைச்சாலையில் வெள்ளி அருவியருகே வண்டி நின்றதும் பிள்ளைகள் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். அது கொடைக்கானல் ஏரியின் வடிகால் நீர் என்று தெரிந்தால் பலர் அதில் முகங்கழுவத் தயங்குவார்கள். அந்த ஏரியும் இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் என்பவர் 1863இல் சதுப்பு நிலத்து ஓடைகளை மறித்துக் கட்டியது.

சற்று மேலே செண்பகனூர். 1895இல் இயேசு சபைத் துறவியர் அங்கே நிறுவிய திரு இருதயக் கல்லூரியைச் சார்ந்தது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பதப்படுத்திய விலங்குகள், பறவைகள், புட்டிகளில் பாம்புகள், வரிசை வரிசையாக வண்ணத்துப்பூச்சிகள், இம்மலையின் ஆதிக்குடிகளான பளியர்களின் புழங்குபொருள்கள். மாணவர் ஒருவர் மெதுவாக, "ஹஜ்ரத், உருவங்கள் வைத்திருக்கிறார்களே, பார்க்கலாமா?" என்று கேட்டார். இவை மனிதன் வடித்த சிலைகளல்ல, படைத்தவன் படைத்த உடல்களையே பாடத்துக்காகக் கெடாமல் காத்திருக்கிறார்கள் என்றேன். அதன் பிறகு அவரை அந்தப் பாம்புகளிடமிருந்து பிரிப்பதுதான் பெரும்பாடாயிற்று.

என் மனம் நின்றது ஆர்க்கிட் செடிகளிடத்தில். முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் இங்கே வளர்க்கப்பட்டன என்று சொல்வார்கள். வேரை மண்ணில் ஊன்றாமல் மரக்கிளையில் ஒட்டி, காற்றின் ஈரத்தைப் பருகி வாழும் வகைகள் அவற்றில் பல. அவை ஒட்டியிருக்கும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. காட்டின் ஈரம் குறைந்தால் முதலில் மறைபவை இவைதாம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லி வைத்தேன்.

இங்கே வாழ்ந்த லூயி அங்லாத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இம்மலையின் செடிகொடிகளை ஓவியங்களாகத் தீட்டியவர். நியூட்டன் என்ற மற்றொரு பாதிரியாருடன் சேர்ந்து, மலைமேல் உள்ள பண்டைய கல்திட்டைகளை அளந்து அவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அவருக்குப் பின் மத்தியூ என்ற துறவி, பழனி மலைத் தாவரங்கள் முழுவதையும் தொகுத்து 1999இல் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். மார்க்கம் வேறாயினும் உழைப்புக்கு மரியாதை செய்ய வேண்டும். ஓர் இலையின் பெயரை உறுதி செய்வதற்காக மலையடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடந்த மனிதர்களை எண்ணும்போது, ஒரு ஹதீஸைக் கேட்டறிவதற்காக நாடு விட்டு நாடு நடந்த நம் முன்னோரின் நினைவு எனக்கு வந்தது.

அடுத்து, ஏரிக்கு மேற்கே மேட்டில் உள்ள சூரிய ஆய்வுக்கூடம். சென்னையிலிருந்த பழைய வானாய்வு நிலையத்தின் பணியை 1899இல் இங்கே மாற்றினார்கள். ஏறத்தாழ 7,700 அடி உயரம், தூசியற்ற காற்று. எவர்ஷெட் என்ற அறிஞர் 1909 ஜனவரியில் இங்கிருந்து சூரியனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்து, அவற்றில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டறிந்தார். அந்த நிகழ்வு இன்றும் அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனை நாள்தோறும் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே பொருளை நூறாண்டுக்கு மேலாகச் சலிக்காமல் பார்த்திருக்கிறார்கள் என்றதும் என் மகள், "அத்தா, ஞாயிற்றுக்கிழமையுமா?" என்று கேட்டாள். சூரியனுக்கு ஞாயிறு விடுமுறை இல்லையே!

நம் தொழுகை நேர அட்டவணை, சூரியன் சாய்வதையும் நிழல் நீள்வதையும் அளந்து அமைந்தது. சமர்கந்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் உலூக் பேக் மதரஸாவையும் கட்டினார், வானாய்வுக்கூடத்தையும் கட்டினார். இரண்டும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்தன. இன்று நம் மதரஸா மாணவர்களில் எத்தனை பேர் ஒரு தொலைநோக்கியைத் தொட்டிருப்பார்கள்? கூடத்திலிருந்து வெளியே வந்தவர்கள் வேன் ஏறும் வரை ளுஹா நேரம் எப்போது முடிகிறது, ளுஹர் எப்போது தொடங்குகிறது என்று நிழலைக் காட்டியே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாத காலம் வகுப்பில் சொல்லியும் ஏறாத பாடம் அது.

ளுஹர் தொழுது, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றை உண்டு, வட்டக்கானலுக்குத் திரும்பினோம். ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும். இலக்கியத்தில் கானல் என்றால் கடற்கரைச் சோலை. ஏழாயிரம் அடி உயரத்து மலைக்காட்டுக்கு அச்சொல் எப்படி வந்து ஒட்டிக்கொண்டதோ! குறுகிய பாதை, இருமருங்கும் தேநீர்க் கடைகள். இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் படைச்சேவை முடித்து இங்கே வந்து மாதக்கணக்கில் தங்குவது வழக்கமாகி, கடைப் பலகைகளில் ஹீப்ரு எழுத்தும் ஏறிவிட்டது. "அத்தா, இது அரபியா?" என்றான் மகன். இதுவும் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிதான், அரபிக்கு உறவு மொழி. நாம் ஸலாம் என்பதை அவர்கள் ஷலோம் என்பார்கள் என்றேன். அவன் நம்பவில்லை.

ஊருக்குள் நுழையுமுன்னரே பாம்பாற்று அருவி. இதை யாரும் அந்தப் பெயரால் கேட்பதில்லை. 'லிரில் அருவி' என்றால்தான் வழி சொல்வார்கள். 1970களில் அந்தச் சோப்புக்கான விளம்பரப் படத்தை இங்கே எடுத்தார்கள். படம் எத்தகையது என்பதை இக்குடும்ப இதழில் விவரிக்க வேண்டியதில்லை. ஓர் ஆற்றின் பெயரை ஒரு சோப்பு விழுங்கிவிட்டது என்பதே என் கவலை.

அருவிக்கு மேலே பாம்பாற்றுச் சோலை. சோலைக்காடு என்பது நாம் நினைக்கும் நெடிய மரக்காடன்று. மரங்கள் குட்டையாகவும் முறுக்கேறியும் நிற்கின்றன. தண்டெல்லாம் பாசி, காலடியில் பெரணி, உள்ளே நுழைந்தவுடன் உடம்பில் ஒரு குளிர்ச்சி. பெய்யும் மழையையும் தவழும் பனியையும் பஞ்சுபோல் ஈர்த்து வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் ஊற்றாகக் கசியவிடுவது இதன் தொழில். செண்பகனூரில் பார்த்த ஆர்க்கிட் ஒன்று கிளையொன்றில் ஒட்டியிருப்பதை முதலில் கண்டவர், பாம்புகளை விட்டு வர மறுத்த அதே மாணவர். பெயர் ஒன்று தெரிந்துவிட்டால் காடு வெறும் பச்சையாகத் தெரிவதில்லை.

இச்சோலைக்கு மேலுள்ள மேட்டில்தான் கொடைக்கானலின் புகழ்பெற்ற வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் பாதரசக் காய்ச்சல்மானி இருக்குமே, அதைச் செய்யும் ஆலை. 1980களில் பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது. பின்னர் ஹிந்துஸ்தான் லீவரிடம் வந்தது. இங்கே செய்தவை பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே சென்றன. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்ததை மக்கள் கண்டுபிடித்துப் போராடியதில் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவை மூட்டை கட்டி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஏரியின் மீனிலும் சேற்றிலும் பாதரசம் இருப்பதாக 2006இல் ஆய்வொன்று வெளியாயிற்று. தங்கள் நோய்களுக்கு ஆலையே காரணம் என்றனர் தொழிலாளர்கள். நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண் பாடிய பாடல் இச்செய்தியை உலகெங்கும் கொண்டுபோயிற்று. பாட்டைப் பற்றி எங்கள் உஸ்தாதுகள் என்ன சொல்வார்கள் என்பது வேறு; பதினைந்து ஆண்டு மனுக்களுக்குக் கிடைக்காத கவனம் அதற்குக் கிடைத்தது.

அந்த ஆலையும் லிரிலும் ஒரே நிறுவனத்துடையவை என்று சொன்னபோது மாணவர்கள் அருவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். "அப்படியானால் கும்பக்கரை?" என்றார் ஒருவர். இந்த நீர்தான் இறங்கி அங்கே வருகிறது என்றேன். மண்ணில் தங்கிய பாதரசத்தை எந்த அளவுக்கு அகற்ற வேண்டும் என்பதிலேயே அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் நெடுங்காலம் வழக்காடல் நிகழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு எல்லை வகுப்பது எளிதன்று.

பிறரை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நேர்மையாகாது. வட்டக்கானலைச் சூழ்ந்து அடர்ந்து நிற்கும் வாட்டில் மரம் இம்மண்ணுக்குரியதன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இதன் பட்டை தோல் பதனிட உதவும். தோல் தொழிலுக்காகவே புல்வெளிகளை அழித்து இம்மரத்தை ஏராளமாக நட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் ஷாப்புகள் யாருடைய கையில் இருந்தன என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். எத்தனையோ பள்ளிவாசல்களையும் கல்லூரிகளையும் எழுப்பிய செல்வம் அது. அதன் கணக்கில் வற்றிப்போன மலை ஓடைகளும் உண்டு.

1985இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் சோலை மரக்கன்றுகளை வளர்த்துப் பரப்பியது. வட்டக்கானலிலேயே வந்து தங்கிய பாப் ஸ்டூவர்ட், டானியா பால்கர் என்ற இங்கிலாந்து நாட்டினர் இருவரும் நாற்றங்கால் அமைத்து அரிய தாவரங்களைத் தேடிக் காத்தனர். ஒரு வியப்பு என்னவெனில், அந்நிய மரங்களின் நிழலிலேயே சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்தெழுகின்றன. ஆகவே கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் வெட்டுவதும் மருந்தாகாது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை மரம் மரமாகப் பார்த்தறிய வேண்டும்.

டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும் பாதை வேர்கள் படிகளாய் அமைந்தது. என் துணைவியார் பாதியிலேயே அமர்ந்துவிட்டார். அதுவே நல்லதாயிற்று, பாறை முனையில் ஒரே தள்ளுமுள்ளு. ஆளுக்கொரு செல்போனைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்குக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். தவறி விழுந்து உயிரிழந்தவர்களும் உண்டு. பாதையோரத்தில் பிரியாணிப் பொட்டலங்களும், குழந்தைகளுக்குக் கட்டிய நாப்கின்களும் கிடந்தன. மாணவர்கள் தாமாகவே ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினார்கள். அதற்கும் கீழே வெள்ளகவி கிராமம். நெடுங்காலமாகச் சாலை இல்லாத ஊர். அரிசி மூட்டை ஏற்றிய குதிரைகளோடு இறங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எங்கள் சாக்கைப் பார்த்துச் சிரித்து, "வாரா வாரம் வருவீகளா தம்பி?" என்று கேட்டார்.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது; புறப்படுமுன் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை உண்டு; வீட்டுக் கூஜாவை எடுத்துச் செல்லுங்கள். செண்பகனூர் அருங்காட்சியகமும் சூரிய ஆய்வுக்கூடமும் திறந்திருக்கும் நேரத்தை முன்னதாகவே கேட்டறிவது நலம். சூரியனைக் காண வானம் தெளிந்திருக்க வேண்டுமாதலால், காலையில் வெயில் தெரிந்தால் வரிசையை மாற்றி முதலில் ஆய்வுக்கூடத்துக்கே செல்லலாம். மழை மாதங்களில் சோலையில் அட்டை கடிக்கும். கொஞ்சம் உப்பைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியுள்ள பெரியோர் டால்பின் மூக்குக்கு இறங்க வேண்டாம். அருவியருகே பாறையில் அமர்ந்திருந்தால் போதும். அஸர் முடிந்ததும் மூட்டம் இறங்கிவிடுகிறது. அதற்குள் மலைப் பாதையில் பாதி தூரமாவது கடந்துவிட வேண்டும்.